தென்சேரி சொல்லாத பதில்

முகாம் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ‘அந்தப் பத்து நாளில் நாம் ஒரே குடும்பமான கதை’ என்று தலைப்பையும் நீங்களே வைத்துவிட்டீர்கள். தலைப்பும் முடிவும் உங்கள் கையில் இருக்கும்போது நடுவில் நிரப்புவதற்கு நான் எதற்கு என்று முதலில் பேசாமல்தான் இருந்தேன். பிறகு மனம் கேட்கவில்லை. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவள் நான். இந்த ஒன்றையாவது யாரும் சொல்லித் தராமல் எழுதிப் பார்க்கிறேன். நீங்கள் கேட்ட ஒரு பக்கத்தில் இது அடங்காது.

முதலில் அந்தப் படம். நம்முடைய வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் கறுப்பு வெள்ளையில் போட்டிருக்கிறீர்களே, அது. பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் ஒரு மேசை, மேசையில் ஒரு தாள். ஒரு பையன் குனிந்து பேனாவால் பெயர் எழுதுகிறான். பின்னால் வாவி தெரிகிறது. அதன் கீழே ‘ஒற்றுமைக்குக் கையொப்பமிட்ட பிஞ்சுக் கைகள்’ என்று போட்டு ஒரு ரோஜாப்பூவும் வைத்தீர்கள். அறுபது வயதைத் தாண்டிய முப்பது பேர் அதற்குக் கைதட்டினீர்கள். ஒருவர் கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அதை எழுதியவள் நான்தான்.

அது ஐம்பது வருடத்துக்கு முந்திய ஓகஸ்ட் விடுமுறை, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒற்றுமை முகாம். பட்டணத்துக்குத் தெற்கே வாவிக்கரையில் ஓடு போட்ட நீளமான கட்டடம். ‘வாவித் தென்றல் தாலாட்டிய நாட்கள்’ என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். தென்றலாவது மண்ணாங்கட்டியாவது. கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. நெருப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். சோற்றில் மணல், தலையில் மணல், பல்லுக்கிடையில் மணல். வாவி வற்றிக் கரையெல்லாம் பாசி காய்ந்து நாறியது. பகல் முழுவதும் கதவுகள் படார் படார் என்று அடித்துக்கொண்டே இருந்தன.

முகாம் பொறுப்பாளரை நாங்கள் சேர் என்று கூப்பிட்டோம். கொழும்பில் படித்தவர், வெளிநாடு போய் ஏதோ பயிற்சியும் பெற்று வந்தவர். வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் விசில். கோயிலுக்குப் போகிற பிள்ளை, பள்ளிவாசலுக்குப் போகிற பிள்ளை, சேர்ச்சுக்குப் போகிற பிள்ளை எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து ஒரு குடும்பம் ஆக்குவது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். மனுசன் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது லேசாக இருந்திருக்கும். அவர் அடிக்க மாட்டார், ஏச மாட்டார், எங்களோடு ஒரே பாயில் இருந்து சாப்பிடுவார். ஆனால் எங்கள் ஊர் மனிதர்களைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது, தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது.

அவர் போட்ட சட்டங்கள் நினைவிருக்கிறதா? ஒருவரை ஒருவர் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. பட்டப்பெயர் கூடாது, நக்கல் கூடாது. எல்லாரும் சகோதரன், சகோதரி. மட்டையில் வெட்டிய பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு, காலையில் எழுந்ததும் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்துக் கை கூப்பி, ‘வணக்கம் சகோதரி’ என்று சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது யாருடைய பிள்ளை. மூன்றாவதாக அந்த ஊரைப் பற்றி ஒரு நக்கல் வரும். அதற்குத் திருப்பி ஒன்று கொடுத்தால் பழக்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த மூன்றையும் தடுத்துவிட்டுக் குடும்பம் கட்டினார் எங்கள் சேர். ஆறு நாள் வரைக்கும் நாற்பது பிள்ளைகளும் பஸ் நிலையத்தில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

சாப்பாட்டிலும் ஒற்றுமை. ஒருவருக்கு இது ஆகாது, இன்னொருவருக்கு அது ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் மிஞ்சியது பூசணிக்காய். பகலும் பூசணிக்காய், இரவும் பூசணிக்காய். முதல் நாள் மத்தியானம் அந்த மஞ்சள் குழம்பைப் பார்த்ததும் எனக்கு அம்மா அரைக்கிற தேங்காய்ப்பூச் சம்பல் நினைவு வந்துவிட்டது. சோற்றுக் கோப்பையோடு கிணற்றுக்குப் பின்னால் போய் இருந்து அழுதேன்.

அங்கேதான் மண்டூர்க்காரி வந்தாள். ஊர் கேட்கக் கூடாது என்ற சட்டத்தை வந்த அன்றைக்கே மிதித்தவள் அவள் ஒருத்திதான்.

“எந்த ஊர் நீ?” என்றாள். நாவற்குடா என்றேன். “அதுதான். பட்டணத்துக்குப் பக்கத்தில இருக்கிறவளுக்குத்தான் சம்பலுக்கு அழுகை வரும்” என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்து, மண்டூர்க்காரர் அழ மாட்டார்களா என்று கேட்டேன். “அழுவம். ஆனாக் கறிக்கு அழமாட்டம் கா” என்றாள். பிறகு தன் பெட்டியிலிருந்து காய்ந்த கொச்சிக்காயும் உப்பும் எடுத்து வந்து, என் கோப்பையில் இருந்த சோற்றோடு பிசைந்து தந்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய வடியத் தின்றேன். அன்று முதல் அவளுடைய பாயும் என்னுடைய பாயும் பக்கத்தில் பக்கத்தில்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து நாளுக்கு நாங்கள் எல்லாரும் துணிப்பையோடு போனோம். அவள் பச்சை வர்ணம் அடித்த பெரிய தகரப் பெட்டியோடு வந்தாள். ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற தட்டைப் படகில் வாவியைக் கடந்து, பிறகு பஸ் ஏறி, தாயும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்திருந்தார்கள். உள்ளே புதிதாகத் தைத்த மூன்று வெள்ளைச் சட்டை, ஒரு கட்டு அப்பியாசக் கொப்பி, அடிமட்டம், ஒரு வருடத்துக்குப் போதுமான நல்லெண்ணெய். முகாம் முடிவில், வயல் ஊர்களிலிருந்து வந்த ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்துப் பட்டணத்துப் பள்ளிக்கூட விடுதியில் இலவசமாகச் சேர்ப்போம் என்று சேர் ஊர்களுக்கு எழுதியிருந்தார். அவளுடைய தாய் அதைத் தன் மகளுக்கென்றே வந்த கடிதமாக எடுத்துக்கொண்டு சட்டையும் தைத்துவிட்டார்.

அவள் வீடு மண்டூரையும் தாண்டி வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்கு நடுவில், தனியாக இருந்தது. தகப்பன் இல்லை. அடுத்த வருடம் முதல் படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறக்குவதென்று மாமன்மார் சொல்லிவிட்டார்களாம். “விடுதி கிடைச்சா மாமன்மார் வாய் திறக்கேலா. கிடைக்காட்டி எனக்கு இந்த வருசத்தோட கொப்பி முடிஞ்சுது” என்று அவள் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. அவளைத்தான் தெரிந்தெடுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கணக்கில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. சேரே அவளிடம், பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி ஒருத்தி குறைகிறாள் என்று சொல்லியிருந்தார்.

ஏழாம் நாள் மத்தியானம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு என்பது சட்டம். சேரும், எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர வந்த பாட்டு மிஸ்ஸும் அலுவலக அறையில் இருந்தார்கள். மறுநாள் கமராவோடு ஒரு வெளிநாட்டுக்காரர் வரப்போகிறார், அவருக்கு என்ன பாடிக் காட்டுவது என்று யோசனை. மண்டூர்க்காரி கரையில் கிடந்த பூவரசங் கிளைகளில் வளைந்த இரண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். கயிறிழுப்புக்கு வைத்திருந்த கயிறு விளையாட்டறையில் இருந்தது. அதையும் எடுத்து இரண்டாகப் பிரித்தாள். கொம்பு இழுப்போம் என்றாள்.

கொம்புமுறி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மலரை வாங்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலடியில் நடப்பது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். சேரி என்றால் இங்கே கட்சி, அவ்வளவுதான். அது பிறந்த வீட்டோடு வந்துவிடும். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுப்பார்கள். முறிகிற கொம்புக்காரர் தோற்றவர்கள். ஆனால் இழுவை பாதி, வசைப்பாட்டு மற்றப் பாதி. எதிர்ச் சேரிக்காரனை, அவன் மச்சானாக இருந்தாலும் மருமகனாக இருந்தாலும், கிழிகிழியென்று கிழித்துப் பாடலாம். ஒரே ஒரு சட்டம் உண்டு. வாங்கிய வசவுக்குப் பதில் பாட வேண்டும். பதில் வந்துவிட்டால் அந்த வசவு அங்கேயே தீர்ந்தது, கடைசியில் இரண்டு சேரியும் ஒன்றாக இருந்து சாப்பிடும். பதில் வராவிட்டால்தான் அது வசவாக நின்றுவிடும். அதனால் வெளியாளை யாரும் பாட மாட்டார்கள். அவனுக்கு ‘வாங்க, இருங்க’ என்று மரியாதை மட்டும்தான் கிடைக்கும்.

அவள் பிறப்பில் வடசேரி. என்னைப் பார்த்து, “நீ எனக்கு எதிர். தென்சேரி” என்றாள். காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பையன் இருந்தான், உயரமாக, யாரோடும் பேசாமல். தங்களுக்குச் சேரி கிடையாதே என்று அவன் தயங்கினான். “இப்ப இருக்கு. நீயும் தென்சேரி. பேச்சு வாங்கத் தயாரா எண்டு மட்டும் சொல்லு” என்றாள். அவன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்து மணலில் வைத்தான். அவனுடைய உம்மா மாசிக் கருவாடு இடித்துத் தந்துவிட்ட மாசிச் சம்பல். ஆறு நாளாக ஒளித்து வைத்திருந்தான். வெல்கிற சேரிக்கு அது என்றான். ஒற்றுமைப் பூசணிக்காய் தின்றுகொண்டிருந்த நாற்பது பிள்ளைகளுக்கும் அந்த நிமிடத்தில்தான் உயிர் வந்தது.

இழுத்தோம். அப்பா, அது என்ன இழுவை! உள்ளங்கை உரிந்தது. மட்டைப் பூவெல்லாம் காற்றில் பறந்து வாவிக்குள் போய் விழுந்தது. முதல் வசவு, நெசவுக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்த காத்தான்குடிக்காரனுக்கு.

காத்தான்குடிக் கொம்பு கைத்தறிக் கொம்பாம்
காத்தடிச்சாப் பறக்கும் நூல் கொம்பாம்

என்று மண்டூர்க்காரி எடுத்துக் கொடுக்க வடசேரி முழுவதும் பாடியது. பையன் வாயைத் திறக்க மாட்டான் என்று நினைத்தேன். அவன் கயிற்றை விடாமல், கழுத்து நரம்பு புடைக்க,

மண்டூர்க் கொம்பு மாட்டுக் கொம்பாம்
மாரிச் சேத்தில மாட்டின கொம்பாம்

என்று திருப்பிக் கொடுத்தான். இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்ததில் கயிறே கைநழுவிப் போயிற்று. அந்தப் பையன் ஆறு நாளில் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஏறாவூருக்கு ஒன்று, அமிர்தகழிக்கு ஒன்று, பட்டணத்துக்கு ஒன்று. தன் ஊருக்கு எப்போது வரும் என்று பிள்ளைகள் ஏங்கிக் காத்திருந்தார்கள். எனக்கும் வந்தது.

நாவக்குடாக் கொம்பு நல்ல கொம்பாம்
நண்டு கடிச்சாலே முறியும் கொம்பாம்
தென்சேரிக் குமரெல்லாம் கூடி வந்து
தேங்காய்ப்பூச் சம்பலுக்கு அழுத கொம்பாம்

அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததை எடுத்து வெளியில் போட்டுவிட்டாள். எனக்கு முகம் சூடாகியது. கோபத்தினால் என்று பிறகு சொன்னேன், பொய். பெருமையாக இருந்தது. ஊர்ப் பெயருக்கு ஒரு வரி எல்லாருக்கும் கிடைத்தது. என்னைப் பார்த்து, எனக்கென்று கட்டிய பாட்டு எனக்கு மட்டும்தான் கிடைத்தது. பதிலுக்கு வாயைத் திறந்தேன். முதல் வரி நாக்கில் வந்துவிட்டது.

அப்போது விசில் ஊதியது.

சேர் ஓடி வந்தார், பின்னால் பாட்டு மிஸ். அவர்கள் கண்ட காட்சி என்ன? ஏழு நாளாக வளர்த்த குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்று ஊர் பெயர் சொல்லி ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு தமிழ்ப் பிள்ளை முன்னுக்கு நின்று முஸ்லிம் பிள்ளையின் ஊரைப் பழிக்கிறது. மனுசனின் முகம் வெளிறிவிட்டது. ஓடிப்போய்க் காத்தான்குடிக்காரனைக் கட்டிப்பிடித்து, பயப்படாதே மகன், நான் இருக்கிறேன் என்றார். அவன் அந்தப் பிடிக்குள் நெளிந்துகொண்டு, “இல்ல சேர், நாங்க வெல்லப் போற நேரம்” என்றான். அவர் காதில் அது ஏறவில்லை. பயந்துபோன பிள்ளை ஏதோ உளறுகிறது என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

யார் தொடங்கியது என்று கேட்டதும் மண்டூர்க்காரி முன்னால் வந்தாள். பிழை செய்தவள் மாதிரி வரவில்லை. “நான்தான் சேர். நாவக்குடாக்காரி இன்னும் பதில் சொல்லல்ல. அவ சொல்லிட்டா முடிஞ்சிரும்” என்றாள். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். நீ வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். எதற்கு என்று அவள் கேட்டாள். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். கொம்பு இரண்டும் வாவிக்குள் போயின. மாசிச் சம்பலைப் பாட்டு மிஸ் மணலில் கொட்டி மூடினார். அந்த வாசம் பொழுது சாயும்வரை முற்றத்தில் நின்றது.

மறுநாள் காலை சேர் எங்களை இருத்திப் பேசினார். இது தான் எடுக்கிற முடிவு இல்லையாம், குடும்பம் எடுக்கிற முடிவாம். குடும்பத்தின் சார்பில் ஒரு கடிதம் வேண்டும், யாருடைய எழுத்து அழகு என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினீர்கள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘எங்கள் குடும்பத்தின் ஒற்றுமையைக் குலைத்த சகோதரியை, மிகுந்த அன்போடு, அவருடைய வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.’ மிகுந்த அன்போடு! கச்சேரியில் எத்தனையோ கேடுகெட்ட கடிதம் எழுதியிருக்கிறேன், இப்படி ஒன்று எழுதியதில்லை. அதோடு நிற்கவில்லை. உன் மனதுக்கு எப்படி இருந்தது, அதையும் எழுது மகள் என்றார். ‘அவர் என்னைப் பற்றிப் பாடியது என் மனதைப் புண்படுத்தியது’ என்று எழுதினேன். அந்த வரியை யாரும் சொல்லித் தரவில்லை. பயந்து எழுதினேன் என்று சொல்லித் தப்பலாம். பயமும் இருந்ததுதான். ஆனால் உண்மைக் காரணம் அதைவிடக் கேவலம். நீங்கள் எல்லாரும் என்னைப் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு நீங்கள் வரிசையாக வந்தீர்கள். கமராக்காரர் அந்த நேரம்தான் வந்து இறங்கினார். பிள்ளைகள் ஏதோ ஒப்பந்தத்தில் பெயர் எழுதுகிறார்கள் என்று கண்டு படம் எடுத்துத் தள்ளினார். அவர் அதை ஒரு கலண்டரில் போட்டாராம். குனிந்து எழுதுகிற பையன் யார் என்று குழுவில் சண்டை பிடிக்கிறீர்கள். காத்தான்குடிக்காரன்தான். அவன் மட்டும் எழுத மாட்டேன் என்று நின்றான். உன்னைப் பாதுகாக்கத்தானே எல்லாரும் இதைச் செய்கிறோம் என்று பாட்டு மிஸ் தோளில் கை வைத்துத் தள்ளிவிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் கை தெரியும்.

மத்தியானம் அவளுடைய தாய் வந்தார், முதல் நாள் பின்னேரமே சேர் ஆள் அனுப்பியிருந்தாராம். வெயிலில் வந்த முகம், சேலை முந்தானை தலையில். சேர் அவருக்குக் கதிரை போட்டு, குடும்பம், அன்பு, புண்பட்ட மனங்கள் என்று நீளமாக விளக்கினார். தாய் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“புள்ள பாடிச்செண்டா, திருப்பிப் பாட ஒரு புள்ளயும் இல்லியா சேர் இஞ்ச?” என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மா படிக்காதவர், விளங்கவில்லை என்று சேர் பாட்டு மிஸ்ஸிடம் இங்கிலிசில் சொன்னது எங்களுக்குக் கேட்டது. தாயும் மகளும் தகரப் பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். வெள்ளைச் சட்டை மூன்றும் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தன. வாசல் படலையடியில் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து நின்றாள். அழவில்லை, முறைக்கவும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். நாலு வரி. அதைப் பாடியிருந்தால் என்ன, சேர் என்னை விழுங்கியா விடுவார்? முகாமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கை கூப்பினேன்.

“போயிட்டு வாங்க சகோதரி” என்றேன்.

அவள் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். விடுதி இடம் அந்த வருடம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன், பொருத்தமான பிள்ளை கிடைக்கவில்லையாம்.

மிச்ச இரண்டு நாளைத்தான் மலருக்கென்று நீங்கள் எல்லாரும் உருகி உருகி எழுதியிருக்கிறீர்கள். ஒன்றாகப் பாடினோம், ஒன்றாக அழுதோம், கடைசி நாள் பிரிய மனமில்லாமல் கட்டிப்பிடித்தோம். உண்மைதான், நானும் கட்டிப்பிடித்தேன். ஒருத்தியைச் சேர்ந்து வெளியே தள்ளியவர்களுக்குள் ஒரு நெருக்கம் வரத்தான் செய்கிறது. அந்த நெருக்கத்தைத்தான் ஐம்பது வருடமாகக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

இனி போன மாதம் நடந்ததற்கு வருகிறேன். குழுவை நடத்துகிறவர், அன்றைக்கு முகாமில் மணி அடித்த பையன், இன்றைக்கு ஓய்வு பெற்ற அதிபர். குரலில் இன்னும் அந்த மணி இருக்கிறது. ஒருவரும் விடுபடக் கூடாது என்று அலைந்து, மண்டூர்த் திருவிழாவில் யாரிடமோ கேட்டு மண்டூர்க்காரியின் நம்பரை எடுத்துக் குழுவில் சேர்த்தார். அவளுடைய படத்தைப் பார்த்தேன். தலை வெள்ளை. உழவு மெசினுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், சிரிக்கவில்லை. வயலெல்லாம் அவளே செய்கிறாளாம், மாமன்மாரின் பிள்ளைகள் இப்போது அவளிடம் வேலைக்கு நிற்கிறார்களாம். அவள் வாழ்க்கை கெட்டுப்போனது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி நினைத்துப் பரிதாபப்படுவதற்கும் நமக்கு முகம் இல்லை. அவளுக்குப் படிக்க ஆசை இருந்தது, அதை நாம் பறித்தோம், அவ்வளவுதான்.

அவளைச் சேர்த்ததும் முப்பது வணக்கம், முப்பது ரோஜாப்பூ. ‘அன்புச் சகோதரியே வருக’ என்று எழுதித் தள்ளினீர்கள். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு செய்தி போட்டாள்.

நாவக்குடாக் கொம்பு நல்ல கொம்பாம்
நண்டு கடிச்சாலே முறியும் கொம்பாம்

மிச்ச இரண்டு வரியைப் போடவில்லை. அதை எனக்கு விட்டுவைத்திருந்தாள். ஐம்பது வருடம் கழித்துப் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் நிற்கிறாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ‘இது என்ன, யாரை இழிவுபடுத்துகிறார்?’ என்று ஒருவர். ‘மூத்தவர்கள் உள்ள குழு, பண்பு தேவை’ என்று இன்னொருவர். ஊர் பெயர் சொல்லிப் பழிப்பது நம் குடும்பத்தில் வழக்கமில்லை என்று அதிபர் ஒரு பந்தி எழுதினார். அதற்குக் கீழே வரிசையாக வந்து கட்டைவிரலைத் தூக்கி வைத்தீர்கள். எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணத் தேவையும் இல்லை. அன்று மாலையே அவள் நீக்கப்பட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதில் நாக்கில் இருந்தது, விரல் எழுந்திருக்கவில்லை. அதிபர் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். அறுபத்திரண்டு வயதில்.

இரண்டு நாள் கழித்துக் காத்தான்குடிக்காரர் எனக்குப் போன் எடுத்தார். கட்டாரில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து கடை வைத்திருக்கிறார். “என்ன நாவக்குடா, கண்டீங்களா?” என்றார். கண்டேன் என்றேன். “எனக்கிட்டயும் ஒரு பாட்டு இருந்திச்சு. போடல்ல. அண்டைக்குப் போலதான், ஆரோ தோள்ல கை வச்சிருக்கிற மாதிரியே இருந்திச்சு” என்றார். பிறகு, “என்ட ஊர நக்கலாப் பேசின ஒரே ஒரு தமிழ்ப் புள்ள அதுதான். மத்த எல்லாரும் மரியாதையாத்தான் இருந்தீங்க” என்றார். போனை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் அவளுடைய நம்பரைத் தேடி எடுத்து, தனியாக எழுதினேன்.

வடசேரிக் கொம்பு வட்டைக் கொம்பாம்
வரம்பில வழுக்கி விழுந்த கொம்பாம்
மண்டூர்க் குமரெல்லாம் மல்லுக்கு வந்து
மஞ்சள் பூசணி திண்டு வீங்கின கொம்பாம்

பன்னிரண்டு வயதில் நாக்கில் வந்தது முதல் வரி மட்டும்தான். மற்ற மூன்றையும் இத்தனை வருடத்தில், பஸ்ஸிலும் கச்சேரி மேசையிலும் அடுப்படியிலுமாகக் கட்டி வைத்திருந்தேன். அனுப்பிவிட்டு, ஏசப் போகிறாள், நல்ல கிழி கிழிக்கப் போகிறாள் என்று சின்னப் பிள்ளை மாதிரி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த நாள் காலையில்தான் வந்தது.

‘வணக்கம் சகோதரி. உங்கள் செய்தி கிடைத்தது. மிக்க நன்றி.’

அதற்குக் கீழே, கை கூப்பிய அந்தச் சின்னப் படம்.